ஐஆர் ஃபில்டர் மாட்டியாச்சு, படம் மட்டும் உருப்படியா வரல: கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

720 நானோமீட்டர் ஐஆர் ஃபில்டர் ஒன்ன (ஐஆர்னா இன்ஃப்ராரெட், சிவப்புக்கு அந்தப் பக்கம் உள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) வாங்கி, பார்சல் பிரிச்ச கையோட கேமராவுல மாட்டி, மொட்டை மாடிக்கு ஓடி நாலு படம் எடுத்துப் பாத்துட்டு, "சரியா ஏமாந்துட்டோம், டூப்ளிகேட் ஃபில்டர்"னு முடிவு கட்டுறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்குறதுதான், எனக்கும் நடந்துச்சு. முதல் படம் கும்மிருட்டு. ரெண்டாவது குங்குமத்தக் கரைச்சு ஊத்துன மாதிரி. மூணாவதுல நடுவுல ஒரு வெள்ளை வட்டம், நிலா இறங்கி வந்து உக்காந்த மாதிரி. மூணும் மூணு வேற பிரச்சனை, ஃபில்டர் மேல ஒரு தப்பும் கிடையாது.

விஷயம் என்னன்னா, கேமராவுல இருக்குற மீட்டர் (வெளிச்சம் அளக்குறது), ஆட்டோ ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரிய கலர சரி பண்றது), லென்ஸ் கண்ணாடில பூசுன கோட்டிங், இது எல்லாமே கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்குன்னு, அதாவது சுமாரா 400லேர்ந்து 700 நானோமீட்டர் அலை நீளம் வரைக்கும் உள்ளதுக்குன்னு கணக்குப் போட்டு செஞ்சது. நாம அத மொத்தமா மறிச்சுட்டு அதுக்கு அந்தப் பக்கம் உள்ள வெளிச்சத்த மட்டும் உள்ள விடுறோம். அப்போ ஒவ்வொண்ணா பொய் சொல்ல ஆரம்பிக்கும். எது பொய் சொல்லுதுன்னு பிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதனாலதான் இத செட்டிங் வரிசையில எழுதாம "படம் எப்படி வருது"ங்கிற வரிசையில எழுதுறேன்.

நான் வச்சிருக்கது ஒரு பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், 58 எம்எம் ஹோயா ஆர்72. கேமராவத் திறக்கல, எதையும் கழட்டல. இந்த மாதிரி சாதா கேமரா வச்சிருக்கவங்களுக்குத்தான் பெரும்பாலும் இது, ஐஆருக்குன்னு மாத்துன கேமரா பத்தி கடைசில கொஞ்சம் வரும்.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். ஒண்ணு, இந்த ஃபில்டர கண்ணுல வச்சு சூரியனப் பாக்காதீங்க. பாக்க கருப்பா இருக்கேன்னு கிரகணக் கண்ணாடி மாதிரி நெனச்சுடக்கூடாது, ஐஆர் முழுசா உள்ள வரும், கண்ணு கூசாததால சுடுறது தெரியாமலே விழித்திரை போயிடும். ரெண்டு, இது வெப்பம் பாக்குற கேமரா இல்ல. நம்ம உடம்புச் சூடு வெளிய விடுற கதிர் சுமார் 10 மைக்ரோமீட்டர் பக்கம் இருக்கு, அது கேமரா லென்ஸ் கண்ணாடியத் தாண்டியே வராது. நமக்குக் கிடைக்கிறது சிவப்புக்கு அடுத்த வீட்டுல இருக்குற வெளிச்சம், சிலிக்கான் சென்சார் சுமாரா 1100 நானோமீட்டர் வரைக்கும்தான் பாக்கும்.

படம் மொத்தமும் கருப்பு

இது கோளாறே இல்ல, கேமராவோட வேலை. சென்சாருக்கு முன்னாடி ஐஆர மறிக்கிறதுக்குன்னே ஒரு கண்ணாடி இருக்கு, ஹாட் மிரர்னு சொல்லுவாங்க. நாம முன்னாடி மாட்டுன ஃபில்டர் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்த நிறுத்துது, உள்ள இருக்குற கண்ணாடி ஐஆர நிறுத்துது, ரெண்டு காவக்காரனுக்கும் தப்பிச்சு உள்ள வர்ற துளியூண்டு வெளிச்சத்துலதான் நம்ம படம்.

உங்க கேமராவுல அந்த ரெண்டாவது காவக்காரன் எவ்ளோ கறார்னு பாக்க ஒரு பழைய வித்தை இருக்கு. ராத்திரி ரூம் லைட்ட அணைங்க, ஃபில்டர மாட்டுங்க, லைவ் வியூ (பின்னாடி ஸ்க்ரீன்ல நேரடியா பாக்குறது) போடுங்க, டிவி ரிமோட்ட லென்ஸுக்கு நேரா நீட்டி ஏதாவது பட்டன அமுக்குங்க. ரிமோட் முனைல இருக்குற எல்ஈடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் பக்கம் எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரீன்ல பளிச்னு வெள்ளையாவோ ஊதாவாவோ புள்ளி மினுக்குச்சுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. மங்கலா தெரிஞ்சா ட்ரைபாட் இல்லாம காரியம் ஆகாது. சுத்தமா தெரியலன்னாலும் மனசு விட வேண்டாம், 720 நானோமீட்டர் பக்கம் 940 பக்கத்த விட கொஞ்சம் தாராளமா விடுற கேமராவும் உண்டு, இது தோராயமான சோதனைதான். போன் வச்சிருக்கவங்க இதையே போன்ல பண்ணிப் பாருங்க, பல போன்ல பின்பக்க கேமராவுல தெரியாத புள்ளி செல்ஃபி கேமராவுல தெரியும்.

நிக்கான் டி70, டி40 மாதிரி பழசுங்க இந்த விஷயத்துல நல்ல பேரு எடுத்தது, புதுசா வர்ற கேமராவுல மறிப்பு பொதுவா கெட்டி. பழைய கேமராவ இதுக்குன்னு தேடி வாங்குறவங்க இருக்காங்கன்னா காரணம் அதுதான்.

சரி, எக்ஸ்போஷர் எவ்ளோ? மீட்டர நம்பாதீங்க. மேனுவல் மோடு போடுங்க, உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 400, எஃப் 8 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எண் கூடுனா திறப்பு சின்னது), 15 செகண்ட்ல ஆரம்பிச்சு ஹிஸ்டோகிராமப் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்ளோன்னு காட்டுற வரைபடம்) பாத்து கூட்டிக் குறைச்சுக்கோங்க. எனக்கு குறுக்குத்துறை பக்கம் தாமிரபரணிக் கரையில, காலைல 11 மணி வெயில்ல, 25 செகண்டுல உக்காந்துச்சு. சாயங்காலம் 5 மணிக்கு அதே இடத்துல 30 செகண்ட் போட்டும் பத்தல, பல்ப் மோடுக்கு (நாம விடுற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்குறது) ரிமோட் தேவைப்பட்டுச்சு. சாதா போட்டோவுக்கு ஆகாத மொட்டை வெயில்தான் இதுக்கு நல்ல நேரம், நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமா.

25 செகண்ட் எடுத்தப்புறம் கேமரா அடுத்த படம் எடுக்காம இன்னொரு 25 செகண்ட் தொங்குதுன்னா பயப்படாதீங்க. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருக்கு, ஷட்டர மூடி வச்சுட்டு அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து ஹாட் பிக்ஸல (தானா மின்னுற தப்பான புள்ளிய) கழிச்சுக்குது. ட்ரயல் பாக்குறப்ப ஆஃப் பண்ணிடுங்க, கடைசி நல்ல படத்துக்கு ஆன் பண்ணுங்க.

எல்லாமே ரத்தச் சிவப்பா வருது

வந்தா சந்தோஷப்படுங்க, ஃபில்டர் வேலை செய்யுது. 720 நானோமீட்டர் பக்கத்துல வர்ற வெளிச்சத்த சென்சார்ல உள்ள சிவப்பு பிக்ஸல்தான் அதிகம் வாங்கும், பச்சையும் நீலமும் கொஞ்சமாத்தான் வாங்கும். ஆட்டோ வைட் பேலன்ஸுக்கு இப்படி ஒரு வெளிச்சம் உலகத்துல இருக்குன்னே தெரியாது, அது என்ன பண்ணும் பாவம்.

வழி என்னன்னா வெயில் படுற புல்லையோ மரத்தையோ ஃப்ரேம் முழுக்க வச்சு ஃபில்டரோட ஒரு படம் எடுங்க, ஃபோகஸ் பத்திக் கவலையே வேண்டாம், எக்ஸ்போஷர் ஓரளவு இருந்தா போதும். கேனான்ல மெனுவுல கஸ்டம் வைட் பேலன்ஸ் போயி அந்தப் படத்தக் காட்டுங்க, அப்புறம் வைட் பேலன்ஸ் மோட கஸ்டம்க்கு மாத்துங்க, இந்த ரெண்டாவது ஸ்டெப்ப மறந்துட்டு ஒரு மணி நேரம் முட்டிக்கிட்டவன் நான். நிக்கான்ல ப்ரீசெட் வச்சு அளக்கணும், "நோ குட்"ங்கிற அர்த்தத்துல ஸ்க்ரீன்ல மினுக்கி மறுத்துச்சுன்னா எக்ஸ்போஷர கூட்டிக் குறைச்சு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுங்க. சரியா உக்காந்துச்சுன்னா பின்னாடி ஸ்க்ரீன்ல இலையெல்லாம் வெளுத்து, வானம் பழுப்பா மாறும். அந்த முதல் படம் வர்ற நொடி இருக்கே, அதுக்காகவே இந்தப் பாடு படலாம்.

கேமராவுல சரியா இருந்தது, லைட்ரூம்ல திறந்தா திரும்பவும் சிவப்பு

இதுதான் நிறைய பேர் கை கழுவிட்டுப் போற இடம். லைட்ரூம்ங்கிற அடோபி எடிட்டிங் சாப்ட்வேர்ல ரா ஃபைலத் (சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல) திறந்ததும் ஒரு செகண்ட் சரியா தெரியும், அப்புறம் கண்ணு முன்னாடியே சிவந்துடும். முதல்ல தெரிஞ்சது ஃபைலுக்குள்ள இருக்குற ஜேபெக் ப்ரிவியூ. அப்புறம் லைட்ரூம் தன்னோட கணக்குல போடுது, அதுல டெம்பரேச்சர் ஸ்லைடர் 2000 கெல்வினுக்குக் கீழ இறங்காது, நமக்குத் தேவைப்படுறது அதுக்கும் கீழ. ஸ்லைடர் இடது ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும், படம் சிவப்பாவே இருக்கும்.

அடோபி இலவசமா குடுக்குற டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டர் இருக்கு. ரா ஃபைல் ஒன்ன டிஎன்ஜியா (அடோபியோட ரா ஃபார்மேட்) மாத்தி அதுல திறங்க, கலர் மேட்ரிக்ஸ் டேப்ல வைட் பேலன்ஸ் கேலிப்ரேஷன்னு இருக்கும், அதுல டெம்பரேச்சர மைனஸ் 100க்கு இழுங்க, ப்ரொஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, லைட்ரூம மூடித் திறந்து ப்ரொஃபைல் லிஸ்ட்ல அத எடுங்க. இப்போ ஸ்லைடர் நடுவுக்கு வந்துடும், ஐ ட்ராப்பர எடுத்து இலை மேல ஒரு க்ளிக். ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் ஒரு தடவ செஞ்சா போதும்.

காசு கட்ட மனசில்லன்னா டார்க்டேபிள், ரா தெரபின்னு ரா எடிட் பண்ற சாப்ட்வேர் ரெண்டும் இலவசம். டார்க்டேபிள்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனியா பெருக்குத் தொகைய நாமளே வைக்கலாம், ப்ரொஃபைல் எதுவும் தேவையில்ல. நான் இப்போ அதுலதான் இருக்கேன். ஜேபெக்ல மட்டும் எடுத்துட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, பச்சை நீலத்துல தகவலே இருக்காது, இழுத்தா வெறும் நாய்ஸ் புள்ளிதான் வரும்.

அந்தப் புள்ளி ராவுலயும் ஓரளவு வரும். சிவப்ப வெட்டுப்படாம (அளவு மீறி விவரம் போயிடாம) காப்பாத்தணும்னு எக்ஸ்போஷர குறைச்சா மத்த ரெண்டும் பட்டினி கிடக்கும், வைட் பேலன்ஸ் போடுறப்ப அதத்தான் பல மடங்கு பெருக்குறோம். அதனால மூணு கலருக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டுற ஆப்ஷன ஆன் பண்ணி, சிவப்பு வலது ஓரத்த தொட்டும் தொடாம நிக்கிற வரைக்கும் வெளிச்சம் குடுங்க.

நடுவுல வெளுத்த வட்டம்

ஹாட்ஸ்பாட். இது லென்ஸோட குணம், ஃபில்டர மாத்தியோ கேமராவ மாத்தியோ போகாது. லென்ஸுக்குள்ள கண்ணாடிக்கு மேல உள்ள கோட்டிங்கும் குழாய்க்குள்ள அடிச்ச கருப்புப் பெயிண்ட்டும் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்கு நல்லா வேலை செய்யும், ஐஆருக்கு கைய விரிச்சுடும். உள்ளயே எதிரொளிச்சு அப்பர்ச்சர் பிளேடு வடிவத்துல நடுவுல வந்து குமியும். விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, விலை கூடுன லென்ஸ் சிலதுல பளிச்னு வட்டம் வரும், கூட வர்ற கிட் லென்ஸ் சுத்தமா இருக்கும். கேனானோட 18-55 இதுல நல்ல பிள்ளைன்னு பேரு.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரே காட்சிய எஃப் 4, 5.6, 8, 11, 16ன்னு வரிசையா எடுங்க. அப்பர்ச்சர் சின்னதாக ஆக வட்டமும் சின்னதாகி ஓரம் கூர்மையாகி வெளுப்பு ஏறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம், ஹாட்ஸ்பாட்தான். அகலமாத் திறந்தா கரைஞ்சு படம் முழுக்க பரவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஜூம் லென்ஸ்னா வேற ஃபோகல் லெங்த் போட்டுப் பாருங்க, 24ல இருக்குறது 35ல இருக்காது. வெயில் லென்ஸ் மேல நேரா விழாம ஹுட் போடுங்க. ஏற்கனவே எடுத்த படத்துல லேசா இருந்தா ரேடியல் ஃபில்டர் ஒண்ணப் போட்டு நடுவுல எக்ஸ்போஷரும் கான்ட்ராஸ்ட்டும் சரி பண்ணிக்கலாம், கலர் படம்னா அங்க நிறமும் மாறியிருக்கும்ங்கிறதால கஷ்டம், கருப்பு வெள்ளையா மாத்திட்டா தப்பிச்சோம்.

ஃபோகஸ் அவுட், எவ்ளோ கவனமா வச்சாலும்

இதுக்கு மூணு காரணம் இருக்கு, மூணாவதத்தான் யாரும் சொல்லித் தரமாட்டாங்க.

முதல் காரணம், ஐஆர் லென்ஸுக்குள்ள கொஞ்சம் கம்மியா வளையும், அதனால கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் குவியுற இடத்துக்குக் கொஞ்சம் பின்னாடி போயிக் குவியும். ஃபில்டர் இல்லாம தூரத்து மலைய ஃபோகஸ் பண்ணிட்டு ஃபில்டர மாட்டுனா ஃபோகஸ் மலைக்கும் அந்தப் பக்கம் போயிருக்கும். ரிங்க கிட்டக்க உள்ள பக்கம் லேசா திருப்பணும். பழைய மேனுவல் லென்ஸ்ல தூரம் எழுதுன இடத்துல ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ ஆர்னு எழுத்தோ இருக்கும், பல பேர் பல வருஷம் லென்ஸ வச்சிருந்தும் அது எதுக்குன்னே தெரியாம இருப்பாங்க. அது இதுக்குத்தான். சாதாரணமா ஃபோகஸ் பண்ணதும் நடுக்கோட்டுக்கு நேரா எந்த தூரம் நிக்குதோ அத அந்த சிவப்புக் கோட்டுக்கு நேரா கொண்டு வந்து வைக்கணும்.

கிட் லென்ஸ்ல தூரமும் எழுதியிருக்காது, கோடும் இருக்காது. நான் பண்ணது இதுதான்: ஃபோகஸ் ரிங்க சுத்தி ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுனேன், பக்கத்துல நகராத பாகத்துல இன்னொரு துண்டு ஒட்டி பேனாவால ஒரு கோடு. 18 எம்எம்ல ஃபில்டர் இல்லாம தூரத்து தண்ணி டேங்க்க ஃபோகஸ் பண்ணி டேப்ல ஒரு கருப்புக் கோடு. அப்புறம் ஃபில்டர மாட்டி, ரிங்க மயிரிழை மயிரிழையா திருப்பி ஏழெட்டு படம், ஒவ்வொண்ணுக்கும் டேப்ல ஒரு புள்ளி. கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கிப் பாத்து, டேங்க் ஏணி எந்தப் படத்துல கம்பி கம்பியா தெரியுதோ அந்தப் புள்ளிய சிவப்பு மையால கோடாக்குனேன். அதே மாதிரி 35க்கும் 55க்கும். ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, ஆனா அதுக்கப்புறம் வெயில்ல நின்னு யோசிக்கிற வேலை இல்ல.

லைவ் வியூல ஃபில்டரோடயே மங்கலா தெரியுதுன்னா இவ்ளோ வேலையும் வேண்டாம், ஐஎஸ்ஓவ ஏத்தி, 10 மடங்கு பெருசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணிட்டு ஐஎஸ்ஓவ இறக்கிக்கோங்க. மிரர்லெஸ் கேமராவுல சென்சாரே ஃபோகஸ் பாக்குறதால இந்த வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும், வெளிச்சம் பத்துனா சரி.

ரெண்டாவது காரணம், எஃப் 16, எஃப் 22ன்னு மூடி வச்சா எல்லாம் ஷார்ப்பாயிடும்னு நெனைக்கிறது. அலை நீளம் கூடுனா டிஃப்ராக்‌ஷனும் அதே அளவுல கூடும் (சின்ன ஓட்டையத் தாண்டுறப்ப வெளிச்சம் பரவி மங்குறதுதான் அது), சாதா படத்துக்கு எஃப் 16ல வர்ற மங்கல் இங்க எஃப் 11லயே வந்துடும். எஃப் 8 பக்கம் நில்லுங்க.

மூணாவது, பழைய 18-55ல ஃபோகஸ் பண்ணா முன் குழாயே சுத்தும். நீங்க ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்தி, எல்லாம் சரியா வச்சுட்டு, கடைசில ஃபில்டர திருகுறீங்க பாருங்க, அந்தத் திருகல்ல குழாயும் கூடச் சேந்து சுத்தி ஃபோகஸ் எங்கயோ போயிடும். எனக்கு இது புரிய மூணு வாரம் ஆச்சு! இடது கையால குழாய் முனைய அசையாமப் பிடிச்சுக்கிட்டு, ஃபில்டர ஒரு சுத்து மட்டும் லேசா மாட்டுங்க, இறுக்காதீங்க. இல்லன்னா முதல்லயே ஃபில்டர மாட்டிட்டு அப்புறம் டேப் கோட்டப் பாத்து ரிங்க வைங்க, அதுதான் எனக்கு ஒத்துவருது. ட்ரைபாட்ல இருக்குறப்ப இமேஜ் ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணவும் மறக்காதீங்க.

கல்லு, மண்டபம் எல்லாம் ஷார்ப், மரம் மட்டும் பஞ்சு மாதிரி கலைஞ்சிருக்குன்னா அது ஃபோகஸ் இல்ல, காத்து. தென்னை மட்டை 25 செகண்ட் சும்மா இருக்காது, காத்து ஓய்ஞ்ச நேரம் பாத்து எடுக்குறத் தவிர வழி இல்ல.

ஒரு ஓரத்துல மட்டும் ஊதாவா வெளிச்சம் கசிஞ்சிருக்கு

டிஎஸ்எல்ஆர்ல கண்ணு வைக்கிற இடம் வழியா வெளிச்சம் உள்ள போகும். சாதாரணமா நம்ம முகமே மறைச்சுடும், 25 செகண்ட் ட்ரைபாட்ல விட்டுட்டு தள்ளி நிக்கிறப்பதான் வினை. கேனான் ஸ்ட்ராப்ல ஒரு சின்ன ரப்பர் துண்டு கோத்திருக்கும், எதுக்குன்னு யாரும் கேக்குறதில்ல. ஐகப்ப (கண்ணு வைக்கிற இடத்து ரப்பர் வளையத்த) கழட்டிட்டு அத அங்க மாட்டணும், அதுக்காகக் குடுத்ததுதான்.

அதுக்கப்புறமும் கசிஞ்சா லென்ஸ் மாட்டுற வளையம், ஜூம் குழாய் இடுக்கு இதெல்லாம் சந்தேகப்படணும், துணி போட்டு மூடிப் பாருங்க. ஆனா கருப்புத் துணிதானேன்னு கைல கிடைச்சத போடாதீங்க, கண்ணுக்குக் கருப்பா இருக்குற சாயத் துணி பலது ஐஆருக்குக் கருப்பே இல்ல, பாலியஸ்டர் துணி வெள்ளை மாதிரி தெரியும், மெல்லிசா இருந்தா உள்ளயும் விடும். சமையல்கட்டுல உள்ள அலுமினியம் ஃபாயில்தான் நம்பிக்கையான ஆள். இந்தத் துணி விஷயம் பெரிய கம்பெனியையே ஒரு ஆட்டு ஆட்டியிருக்கு, 2006ல வந்த லைக்கா எம்8ல சென்சார் முன்னாடி ஐஆர் மறிப்பு பலவீனமா இருந்ததால கருப்பு கோட்டு சூட்டெல்லாம் கத்திரிப்பூ கலர்ல வந்துச்சு, கடைசில வாங்குனவங்களுக்கு லென்ஸ்ல மாட்டிக்க ஆளுக்கு ரெண்டு ஃபில்டர் இலவசமா குடுத்தாங்க.

இலை வெள்ளையா வரல

மேகமா, நிழலா, சாயங்காலமான்னு முதல்ல பாருங்க. நேரா வெயில் அடிச்சாதான் இலை மின்னும். அப்புறம் என்ன இலைன்னு பாருங்க. இலைக்குள்ள பஞ்சு மாதிரி அறைகளும் இடையில காத்தும் இருக்கு, ஐஆர் அதுல பட்டுச் சிதறித் திரும்பி வர்றதுதான் அந்த வெள்ளை, பச்சையத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பச்சையம் ஐஆர விழுங்காம விட்டுக்குடுக்குது அவ்ளோதான். இதுக்கு வுட் எஃபெக்ட்னு பேரு, மரத்துனால வந்த பேர் இல்ல, 1910ல ஐஆர் படங்கள வெளியிட்ட ராபர்ட் வுட்ங்கிற அமெரிக்க இயற்பியல்காரர் பேரு. மருதம், புங்கன், வேம்பு மாதிரி தளதளன்னு இலை இருக்குறது அள்ளும், சவுக்கு மாதிரி ஊசியா இருக்குறது மங்கலாத்தான் வரும். ஹோட்டல் வாசல்ல விரிச்ச பிளாஸ்டிக் புல்லு பெரும்பாலும் மின்னாது, அது இலை இல்லயே.

வீட்டுக்குள்ள தொட்டிச் செடிய வச்சு டெஸ்ட் பண்ணிட்டு வரலன்னு சொல்றவங்களுக்கு: எல்ஈடி பல்புலயும் டியூப்லைட்லயும் ஐஆர் இல்லன்னே வச்சுக்கோங்க. பழைய குண்டு பல்பு, ஹாலஜன், மெழுகுவத்தி, இதுலதான் கொட்டிக்கிடக்கு.

நல்ல வெயில், நல்ல இலை, அப்பவும் இலை சாம்பலாவே இருக்குன்னா அப்பதான் ஃபில்டர சந்தேகப்படணும். மட்டமான ஃபில்டர் சிலது வெறும் அடர் சிவப்புதான், 720க்குக் கீழ உள்ளதையும் விட்டுடும், ஐஆர மறிக்கிற கேமராவுல அப்போ சிவப்பு வெளிச்சம் ஜெயிச்சுடும். எல்ஈடி பல்ப ஃபில்டர் வழியா பாருங்க, தகதகன்னு சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சா அது 720 இல்ல, நல்ல ஃபில்டர்னா பல்பே இருக்குற இடம் மங்கலாத்தான் தெரியும்.

வானம் கருப்பாகல, மலை மறைஞ்சே கிடக்கு

காத்துல ஈரமும் மெல்லிசு மேகமும் இருந்தா வானம் வெளுத்துதான் வரும், கடற்கரை ஊர்ல இது தினசரி. மழை பெஞ்சு வெளுத்த மறுநாள், சூரியனுக்கு முதுகு காட்டி, அடிவானத்துக்கு மேல உள்ள வானத்த வைங்க. ஆத்துத் தண்ணி நேர்மாறு, பெரும்பாலும் மை மாதிரி கருப்பா வரும், தண்ணி ஐஆர விழுங்கிடும். வானத்த எதிரொளிச்சாலும், தெளிஞ்ச வானம்னா அதுவே கருப்பு. நான் குறுக்குத்துறையில எடுத்த படத்துல கரை மரம் எல்லாம் பனி பெஞ்ச மாதிரி, ஆறு தார் ஊத்துன மாதிரி, நடுவுல கல் மண்டபம் மட்டும் சாதாரணமா நிக்கும், பாத்தவங்க எந்த ஊருன்னு கேட்டாங்க.

ஐஆர் பனிமூட்டத்த ஊடுருவும்னு கேள்விப்பட்டு கொடைக்கானல் போயி ஏமாறாதீங்க. தூரத்து மலைல தெரியுற நீலப் புகைமூட்டம் இருக்கே, அத ஐஆர் நல்லா வெட்டும், அது ரொம்பச் சின்னத் துகள்ல சிதறுற வெளிச்சம். மூடுபனி நீர்த்துளி, அலை நீளத்த விட பல மடங்கு பெருசு, அதுக்குள்ள ஐஆரும் நாமளும் ஒண்ணுதான்.

சேனல் மாத்தியும் வானம் நீலமாகல

வைட் பேலன்ஸ் சரி பண்ணப்புறம் வானம் பழுப்பா, இலை வெள்ளையா இருக்குற நிலைல சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்துனா வானம் நீலமாகும். எடிட்டிங் சாப்ட்வேர்ல உள்ள சேனல் மிக்ஸர்ல சிவப்பு அவுட்புட்ல சிவப்பு 0, நீலம் 100. நீலம் அவுட்புட்ல சிவப்பு 100, நீலம் 0. பச்சையத் தொடாதீங்க. கிம்ப்ங்கிற சாப்ட்வேர்ல கலர்ஸ் மெனுவுல கம்போனன்ட்ஸுக்குள்ள இருக்கு, சில வெர்ஷன்ல 100க்குப் பதிலா 1.

ஆகலன்னா ரெண்டு காரணம்தான் நான் பாத்தது. வைட் பேலன்ஸ் போடாம நேரா சிவப்புப் படத்துல மாத்துறது, அப்போ ரத்தச் சிவப்பு கருநீலமாகும், வேற ஒண்ணும் ஆகாது. இல்லன்னா உங்க ஃபில்டர் 850 நானோமீட்டர். 720 பக்கத்து வெளிச்சத்துலதான் சிவப்பு பிக்ஸலுக்கும் மத்ததுக்கும் வித்தியாசம் இருக்கு, 850ஐத் தாண்டிட்டா மூணு பிக்ஸலும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் பாக்கும். கலரே இல்லாதப்ப எதப் போயி மாத்துறது. 850ன்னா கருப்பு வெள்ளை, அதுக்குன்னே வாங்குறதுதான், மாறுபாடு சும்மா கத்தி மாதிரி இருக்கும். கலர் வேணும்னா 720, இன்னும் அதிகக் கலர் வேணும்னா 665, 590ன்னு போகணும், ஆனா அதெல்லாம் மறிப்பக் கழட்டுன கேமராவுக்குத்தான், சாதா கேமராவுல வெறும் சிவப்பு ஃபில்டர் மாதிரி ஆயிடும்.

ஆள் படம் எடுத்தா பேய் மாதிரி இருக்கு

தோல் பால் மாதிரி வெளுத்து, கண்ணு கருங்குழியாகி, நரம்பு பச்ச குத்துன மாதிரி தெரியும், அது அப்படித்தான். என் அத்தை பையன 20 செகண்ட் அசையாம நில்லுடான்னு நிறுத்தி எடுத்தேன், படத்தப் பாத்துட்டு அத்தை, "அழிச்சுத் தொலைடா மொதல்ல"ன்னுட்டாங்க. கொஞ்சம் சைட்ல வர்ற நிழல் வெளிச்சத்துல பரவாயில்ல, கல்யாணத்துக்கெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க.

கேமராவத் திறந்து ஹாட் மிரரக் கழட்டிடலாமா

மேல சொன்ன 25 செகண்ட் தொல்லை, ஃபோகஸ் தொல்லை, காத்து தொல்லை மூணும் இதுல பெரும்பாலும் போயிடும், கைல பிடிச்சே 1/125ல எடுக்கலாம், அதனால ஆசை வரும். ஹாட்ஸ்பாட் போகாது, அது லென்ஸு. வைட் பேலன்ஸ் தொல்லையும் அப்படியே இருக்கும். அதனால முதல்ல ஃபில்டர வச்சு ரெண்டு மூணு மாசம் எடுங்க, உங்க லென்ஸ் தேறுதான்னு பாருங்க, அதுக்கப்புறமும் ஆசை இருந்தா மாத்துங்க. கோலாரி விஷன், லைஃப்பிக்ஸல் மாதிரி இதையே தொழிலா பண்றவங்க அமெரிக்காவுல இருக்காங்க. சிக்மாவோட எஸ்டி14 மாதிரி கேமராவுல அந்தக் கண்ணாடிய நாமளே வெளிய எடுத்துட்டு திரும்பப் போட்டுக்கலாம், கம்பெனியே அப்படி விட்டிருக்கு, பழசா கிடைச்சா விடாதீங்க.

வீடியோ பாத்து வீட்டுல நானே கழட்டுறேன்னு கிளம்புறவங்களுக்கு ஒண்ணு. கண்ணாடிய எடுத்துட்டு சும்மா விட்டா சென்சாருக்கு முன்னாடி இருந்த தடிமன் போனதுல ஃபோகஸ் இடம் மாறிடும், அதே தடிமன்ல வேற கண்ணாடி வைக்கணும், நடுவுல ஒரு தூசி விழுந்தாலும் ஒவ்வொரு படத்துலயும் அது வந்து உக்காரும். அதவிட முக்கியம், உள்ள ஃப்ளாஷுக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கு, பேட்டரிய கழட்டி நாளானாலும் 300 வோல்ட் பக்கம் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும். எங்க ஊர் ரிப்பேர் கடைல ஒரு அண்ணன் கேமராவத் திறந்ததும் முதல் வேலையா ரெசிஸ்டர் சொருகுன ஒரு வயர அதுல வச்சு, மீட்டர்ல சைபர் காட்டுற வரைக்கும் பாத்துட்டுதான் அடுத்த ஸ்க்ரூவத் தொடுவாரு. அவர் வலது கை ஆள்காட்டி விரல் நுனில சின்னதா ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கு, கேட்டா சிரிச்சுக்கிட்டே விரல மடக்கிக்குவாரு.